‘பிளாக்’ பெரிய எழுத்தில், ‘ஒயிட்’ சின்ன எழுத்தில்: திருத்த வேண்டுமா?

ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக இருக்கிறதே, இது பாரபட்சமில்லையா, திருத்தவா என்று கேட்டிருந்தீர்கள். திருத்தாதீர்கள். நீங்கள் மெய்ப்புப் பார்க்கும் அமெரிக்கக் கட்டுரையில், கறுப்பினத்தவரைக் குறிக்கும் ‘பிளாக்’ பெரிய ‘பி’யிலும் ‘ஒயிட்’ சின்ன ‘டபிள்யூ’விலும் இருப்பது அச்சுப்பிழை இல்லை.

அநேகமாக அந்தப் பத்திரிகை அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் நடைக்கையேட்டை (எழுத்துமுறை விதிகளின் தொகுப்பை) பின்பற்றுகிறது. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் ஒருவர் கொன்ற பிறகு, 2020 ஜூன் 19 அன்று அந்த நிறுவனத்தார் ‘பிளாக்’கைப் பெரிய எழுத்துக்கு மாற்றினார்கள். அது வெறும் தோல்நிறம் அல்ல, பொதுவான வரலாறு கொண்ட ஒரு சமூகத்தின் பெயர் என்பது வாதம். ‘ஒயிட்’டை அப்படியே விட்டார்கள்: வெள்ளையர்களுக்கு அத்தகைய பொது வரலாறு இல்லை, தவிர இனவெறிக் கும்பல்கள்தான் அதைப் பெரிய எழுத்தில் எழுதிவந்தன என்றார்கள். உங்களுக்கு வந்த சந்தேகம் அங்கேயும் பலருக்கு வந்தது. ‘இதுவே பாரபட்சம்தானே’ என்று கேட்டார்கள். வாஷிங்டன் போஸ்ட் இரண்டையும் பெரிதாக்கிவிட்டது. எனக்கென்னவோ அதுதான் குழப்பமில்லாத வழி.

சண்டையும் பழையதுதான். ‘நீக்ரோ’வுக்குப் பெரிய ‘என்’ கேட்டு கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் போன்றவர்கள் மல்லுக்கட்டி, நியூயார்க் டைம்ஸ் 1930-ல்தான் இறங்கிவந்தது. (நம் எழுத்தில் இந்தத் தலைவலியே இல்லை!)

உறுதிப்படுத்த, அதே பத்திரிகையின் 2019 கட்டுரை ஒன்றைத் திறந்து பாருங்கள். அதில் ‘பி’ சின்னதாக இருந்தால் விஷயம் இதுதான்.

ஒன்று மட்டும்: விடுபட்ட ‘பி’க்களைப் பெரிதாக்க நேர்ந்தால், எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடாதீர்கள். பிளாக் காபியும் பிளாக் மார்க்கெட்டும்கூடப் பெரிய ‘பி’ போட்டுக்கொண்டு நிற்கும். பழைய நூல்களிலிருந்து எடுத்த மேற்கோள்களை மூலத்தில் உள்ளபடியே விடுங்கள்.