ஒரே டயரில் டியர்ஃபுட்டும் காட்டுப் பாதையும்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கனடாவில் கால்கரி வந்த முதல் வருடமே செகண்ட்ஹேண்ட் எஃப்-150 பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறீர்கள், டயர் நான்கும் தேய்ந்துபோயிருக்கின்றன. வார நாளில் ஊருக்குள் ஓடும் டியர்ஃபுட் நெடுஞ்சாலை வழியாக வேலைக்குப் போய் வருகிறீர்கள், சனி ஞாயிறு கனனாஸ்கிஸ் மலைப் பக்கம் கூடாரம் போட, மீன் பிடிக்கப் போகிறீர்கள். வேலையிடத்து நண்பர்கள் சேற்றுக்கென்றே செய்த மட் டெரைன் டயர் போடச் சொல்கிறார்கள், அதுவும் ஒரு சைஸ் பெரியதாக, பத்து ப்ளை என்ற கனமான ரகத்தில். டயர் கடைக்காரரோ சாதாரண ஹைவே டயரே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது, ஒரே செட்டை வருடம் முழுக்க ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். கம்பெனி கொடுத்த அதே சைஸில், மூன்று சிகரப் பனி முத்திரை உள்ள, ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான ஆல்-டெரைன் டயர் போடுங்கள். கையில் பணம் இடம் கொடுத்தால் குளிர்காலத்துக்குத் தனியாக ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

"ஆஃப் ரோடு" என்றதும் நம் கண்ணில் வருவது விளம்பரத்தில் பார்த்த சேறும் பாறையும்தான். இங்கே உங்கள் வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கினால் பெரும்பாலும் ஓடப்போவது ஜல்லிச் சாலையில். ஃபாரஸ்ட்ரி ட்ரங்க் ரோடு, ஏரிக்குப் போகும் கிளைப் பாதைகள், வயல்களுக்கு நடுவே போகும் ரேஞ்ச் ரோடுகள் எல்லாமே ஜல்லி. மக்லீன் க்ரீக் மாதிரி சேற்றில் புரளவே போகிற இடங்கள் வேறு கணக்கு. அங்கே வாராவாரம் போகிறவருக்குத்தான் மட் டெரைன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த ஆள் மாதிரித் தெரியவில்லை.

ஜல்லிச் சாலையில் பிடிமானம் பெரிய பிரச்சினை இல்லை. கல்தான் எதிரி. சென்ற இலையுதிர் காலத்தில் எங்களோடு வந்த ஒருவரின் பின் டயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டது. இறங்கிப் பார்த்தால் தரையில் படும் பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கச் சுவரில், எழுத்துகளுக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு வாயைத் திறந்த மாதிரி ஒரு வெட்டு, அதற்குள்ளிருந்து வெள்ளை நூல்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. அவர் போட்டிருந்தது ஹைவே டயர். தரையில் படும் பகுதியில் ஆணி குத்தினால் ஒட்டிவிடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்டு கிடையாது, டயரைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஆல்-டெரைன் டயருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பாதி இந்தப் பக்கச் சுவருக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரப்பர் தடிப்பாக இருக்கும், டயரின் ஓரத்து ரப்பர்க் கட்டைகள் சுவர் மேலும் கொஞ்சம் இறங்கி வந்து கல்லைத் தாங்கும்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். ஜல்லியில் ஓட்டிவிட்டுத் தார் ரோட்டில் ஏறியதும் "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம் வரும். வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். பள்ளங்களுக்குள் கல் சிக்கியிருக்கும். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிடுங்கள். விட்டால் அது உள்ளே உள்ளே துளைத்துக்கொண்டு போகும். நல்ல ஆல்-டெரைன் டயரில் பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள். கல்லை வெளியே தள்ளத்தான் அவை. கடையில் டயரைப் பார்க்கும்போது பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள், தட்டுப்படும்.

சரி, மட் டெரைன் ஏன் வேண்டாம்? பார்க்கிங்கில் நிற்கும்போது அதற்கு ஒரு மிடுக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதன் கட்டைகள் பெரிது, நடுவே இடைவெளி பெரிது. சேற்றைக் கவ்வி, சுழன்று, உதறிவிடுவதற்காகச் செய்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் தார் ரோட்டில் அதே கட்டைகள் ஒவ்வொன்றாக அறைந்து ஒரு ரீங்காரம் எழுப்பும். தேயத் தேய அது இன்னும் கூடும். மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், பெட்ரோல் கூடக் குடிக்கும். நீங்கள் ஓட்டும் தூரத்தில் பெரும்பகுதி டியர்ஃபுட்டில்தான். வாரத்தில் ஐந்து நாள் படும் அவதியை எப்போதாவது வரும் ஒரு சேற்றுக் குழிக்காக ஏன் வாங்க வேண்டும்?

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போக, காட்டுக்குப் போக என்று இரண்டு வேலைக்கு டயர் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் கேட்காமலே மூன்றாவது வேலை ஒன்று வந்து நிற்கும். அது பனிக்கட்டி. நீங்கள் இன்னும் ஒரு முழுக் குளிர்காலம் வண்டி ஓட்டவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

புதுப் பனி அவ்வளவு மோசமில்லை. அது மிதிபட்டு, சினூக் என்ற வெதுவெதுப்பான மலைக் காற்றில் பகலில் உருகி, ராத்திரி மறுபடி உறைந்து, சந்திப்புகளில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அங்கேதான் வண்டி நிற்குமா நிற்காதா என்பது தெரியும். அந்தக் கண்ணாடியைப் பிடிக்க இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, குளிரிலும் இறுகாத ரப்பர். ஏழு டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண ரப்பர் விறைக்க ஆரம்பிக்கும் என்பார்கள், இங்கே மைனஸ் முப்பதைப் பார்ப்போம். இரண்டு, கட்டைகளின் மேல் பிளேடால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் ஒரு விளிம்பு, ஒவ்வொரு விளிம்பும் ஒரு பிடி. மட் டெரைனின் பெரிய கட்டைகளில் இந்த வெட்டுகள் மிகக் குறைவு. முரட்டுத்தனமாக இருக்கிறதே, பனிக்கு நன்றாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆழமான பனிக்குள் புகுந்து போகும், உண்மைதான். பனிக்கட்டி மேல் நிற்கத்தான் செய்யாது. நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே என்று தைரியம் சொல்பவர்களும் உண்டு. அது கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது.

டயரின் பக்கவாட்டில் இரண்டு அடையாளம் பார்ப்பீர்கள். எம்+எஸ் என்று எழுதியிருப்பது சேறும் பனியும் என்பதற்கு. அதற்குச் சோதனை ஏதும் கிடையாது, பள்ளங்களின் அமைப்பை வைத்துக் கம்பெனியே போட்டுக்கொள்வது. மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள் படம் இருந்தால் அந்த டயர் பனியில் சோதனை செய்து தேறியது. ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம். இங்கே அந்தச் சோதனையில் பார்ப்பது இறுகிய பனியில் டயர் எவ்வளவு இழுத்துக்கொண்டு கிளம்புகிறது என்பதைத்தான். பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதையோ வளைவில் திரும்புவதையோ அது அளப்பதில்லை. அதனால் முத்திரை போட்ட ஆல்-டெரைன், முத்திரை இல்லாததை விட நிச்சயம் நல்லது. ஆனாலும் முழுக்க முழுக்கக் குளிருக்கென்றே செய்த டயருக்கு அது சமமாகாது.

சட்டத்தைக் கேட்டால், நம் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பொதுவாகக் குளிர்கால டயர் கட்டாயம் இல்லை. பான்ஃப் தாண்டி பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் போனால் கட்டாயம். அக்டோபர் 1 முதல் அங்கே மலைச் சாலைகளில் எம்+எஸ் அல்லது பனித்துகள் அடையாளம் உள்ள டயர், குறைந்தது 3.5 மில்லிமீட்டர் பள்ள ஆழத்தோடு இருக்க வேண்டும். சில சாலைகளில் இது மார்ச் 31 வரை, மலைக் கணவாய்களில் ஏப்ரல் 30 வரை. ஆல்-டெரைன் அந்தச் சட்டத்துக்குப் போதும். சட்டத்துக்குப் போதும் என்பதால் அங்குள்ள ரோஜர்ஸ் பாஸ் கணவாயில் ராத்திரி இறங்குவதற்கும் போதும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆகவே ஒரே செட்டில் வருடத்தை ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். காலை ஆறு மணிக்கு, பனி உருக உப்புத் தூவும் லாரி வருவதற்கு முன்னால் வேலைக்குக் கிளம்ப வேண்டியவர் என்றால் தனிச் செட் வாங்கச் சொல்வேன். அதை விலை மலிவான இரும்பு ரிம்மில் தனியாக ஏற்றி வைத்துவிட்டால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஒரு செட் ஓடும்போது இன்னொன்று தேயாமல் கிடக்கும், அதனால் செலவு பார்க்கும் அளவுக்கு இரட்டிப்பாகாது.

பத்து ப்ளை விஷயத்துக்கு வருவோம். இப்போதைய டயரில் உண்மையில் பத்து அடுக்கு எதுவும் கிடையாது, அது பழைய கணக்கில் பலத்தைச் சொல்லும் பெயர். டயரில் "லோடு ரேஞ்ச் ஈ" என்று போட்டிருக்கும், 80 பிஎஸ்ஐ அழுத்தம் வரை காற்றுத் தாங்கும். கனமான டிரெய்லர் இழுப்பவருக்கும், பின்னால் எப்போதும் சுமையோடு ஓடுபவருக்கும், வடகோடியில் டாசனிலிருந்து இனுவிக் பக்கம் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் கூர்மையான கற்கள் மேல் நாள் கணக்கில் போகிறவருக்கும் அது தேவை. கூடாரமும் ஐஸ் பெட்டியும் ஏற்றிப் போகிறவருக்கு அது தண்டம். ஒவ்வொரு டயரும் நாலைந்து கிலோ கூடும், சஸ்பென்ஷன் ஒவ்வொரு குழியையும் உங்கள் முதுகுக்குச் சொல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சைஸுக்கு முன்னால் எல்டி (லைட் டிரக்) என்று போட்ட டயரில், சாதாரண டயர் தாங்கும் அதே எடையைத் தாங்க வைக்கக் கூடுதல் காற்று வேண்டும். கதவுத் தூண் ஸ்டிக்கரில் 35 என்று போட்டிருக்கிறதே என்று எல்டி டயருக்கும் 35 அடித்தால் குறைவாகப் போய்விடும். எல்டி வாங்கினால், காற்று எவ்வளவு என்பதை அட்டவணை பார்த்துச் சொல்லும்படி கடையில் கேளுங்கள். எனக்கு உங்கள் தேவைக்கு எல்டி அல்லாத ஆல்-டெரைனே போதும் என்று படுகிறது. ஃபால்கன் வைல்ட்பீக், டோயோ ஓபன் கன்ட்ரி வரிசைகளில் இரண்டு விதமும் உண்டு. பிஎஃப் குட்ரிச் கேஓ2 பெயர் பெற்றது, ஆனால் அதில் பெரும்பாலும் எல்டிதான்.

பெரிய சைஸ் வேண்டாம் என்பதற்குச் சின்னக் கணக்கு. உங்கள் 275/65ஆர்18 டயரின் உயரம் ஏறக்குறைய 815 மில்லிமீட்டர். 275/70ஆர்18 போட்டால் 842. ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்யாவிட்டால், அது 110 காட்டும்போது நீங்கள் 113, 114-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உரசவும் கூடும். அடியில் தொங்கும் ஸ்டெப்னியும் அப்போது வேறு உயரமாகிவிடும், நான்கு சக்கர இயக்கத்தில் அதைப் போட்டு ஓட்டுவது நல்லதில்லை.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், டயரை விட இதுதான் நாளாவட்டத்தில் வித்தியாசம் காட்டும். நீண்ட ஜல்லிச் சாலை ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, 35-இலிருந்து 25 பக்கம் இறக்கிவிடுங்கள். டயர் கொஞ்சம் இளகி, கல்லை எதிர்த்து நிற்காமல் அதன் மேல் வளைந்து போகும். துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியான சாலையில் உடம்பு அதிராது. வேகத்தையும் கூடவே குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடாகிக் கெட்டுப்போகும். தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் திரும்ப அடிக்க ஒரு பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும். குளிர்காலத்தில் தலைகீழ்: வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ தானாகக் குறையும். சினூக் முடிந்து ஒரே ராத்திரியில் முப்பது டிகிரி விழுந்தால், காலையில் காற்று குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிவது டயர் பஞ்சராகி அல்ல.

ஸ்டெப்னியை இப்போதே ஒரு முறை இறக்கிப் பாருங்கள். பின் பம்பர் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுச் சுற்றினால் அது கேபிளில் இறங்க வேண்டும். பழைய வண்டியில் சாலை உப்பு பட்டு அந்தப் பொறி துருப்பிடித்து இறுகியிருக்கும், சிக்னல் இல்லாத இடத்தில் அது தெரியவந்தால் பாடுதான். புது டயர் மாட்டி நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு முறை இறுக்கச் சொல்லுங்கள். பிறகு எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றினால் ஆல்-டெரைனின் சத்தம் அடங்கியே இருக்கும்.

பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் அந்த வயதில் இருப்பதை நான் வாங்கமாட்டேன்.

டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரையும், இப்போது ஓடும் டயரின் பக்கவாட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். டிரெய்லர் இழுக்கும் எண்ணம் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இருந்தால் மேலே சொன்ன எல்டி கணக்கு மாறிவிடும்.