பாணை நிறுத்த முதல் இரத்தத்தைச் சோதியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. நாலு வருடமாக உடம்பு முழுக்க நோ. கழுத்து, தோள்மூட்டு, நாரி என்று ஓரிடம் மிச்சமில்லை. விடிய எழும்பும்போதே அலுப்பு. பைப்ரோமயால்ஜியா என்று டொக்டர் சொன்னார். இரத்தம் குறைவென்று இரண்டு வருடமாக இரும்புச்சத்துக் குளிசையும் போடுகிறேன், ஏறுவதாயில்லை. கனடாவில் இருக்கும் அக்காவுக்குப் போன மாதம் செலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். “உனக்கும் அதுதான், கோதுமையை விடு” என்கிறா. இரண்டு கிழமையாகப் பாணைத் தொடவில்லை. வயிற்று ஊதல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இப்படியே தொடரலாமா?
– வாசகி, விசுவமடு

பதில்: அன்புத் தங்கச்சி, இப்போதைக்குத் தொடர வேண்டாம். திரும்பவும் பாண் சாப்பிடுங்கள்.

செலியாக் உள்ளவர்களுக்குக் கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போனதும், நோயெதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். அப்போது உண்டாகும் பிறபொருளெதிரிகளை (அன்டிபொடி)த்தான் இரத்தப் பரிசோதனை தேடுகிறது. கோதுமையை விட்டால் அவை மெல்ல மெல்லக் குறைந்துவிடும். பிறகு நோய் இருந்தாலும் ‘இல்லை’ என்று அறிக்கை வரலாம். எனவே பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு கிழமை, தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். அதற்குள் வயிற்றுக் கோளாறு தாங்க முடியாமல் போனால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது நோ அல்ல, அந்த இரும்புக் குளிசைதான். உடம்பு நோ, களைப்பு, தலையிடி, வயிற்று ஊதல், மறதி எல்லாம் இரண்டு வருத்தத்திலும் வரும். அவற்றை வைத்துப் பிரித்தறிய முடியாது. ஆனால் பைப்ரோமயால்ஜியா இரத்தத்தில் இரும்பைக் குறைக்காது, குடலையும் பழுதாக்காது. அது நோவை உணரும் நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிப் போன நிலை. செலியாக்கில் சத்தை உறிஞ்சும் சிறுகுடலின் சடைமுளைகள் (விரல் போன்ற நுண்ணிய முளைகள்) தேய்வதால், குளிசை போட்டாலும் இரும்பு உறிஞ்சப்படுவதில்லை. மாதவிடாய்ப் பெருக்கு போன்ற வேறு காரணங்களும் உண்டு, அதையும் டொக்டர் பார்க்கட்டும். ஆனாலும் கூடப்பிறந்தவருக்குச் செலியாக் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. பொதுவில் அது நூற்றில் ஒன்றளவுதான்.

கிளினிக்கில் “என் அக்காவுக்குச் செலியாக், எனக்கு இரும்பு ஏறவில்லை” என்ற இரண்டையும் முதலிலேயே சொல்லுங்கள். கேட்க வேண்டிய இரத்தப் பரிசோதனையின் பெயர் டிடிஜி ஐஜிஏ (tTG-IgA). அதோடு மொத்த ஐஜிஏ (பிறபொருளெதிரிகளில் ஒரு வகை) அளவையும் பார்க்க வேண்டும், அது இயல்பிலேயே குறைந்தவர்களுக்கு முதல் பரிசோதனை ஏமாற்றிவிடும். பொசிட்டிவ் என்றால் எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து, குடலில் சிறு துணுக்கு எடுத்து உறுதி செய்வார்கள். தைரொயிட், விட்டமின் டி அளவுகளையும் ஒரேயடியாகப் பார்த்துவிடலாம்.

நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே 1940களிலேயே செலியாக் பிள்ளைகளுக்குக் கோதுமைதான் ஆகாது என்று கண்டார். 1944–45 பஞ்சத்தில் பாண் கிடைக்காமல் போனபோது, அந்தப் பிள்ளைகள் தேறியது அவருடைய எண்ணத்தை உறுதிப்படுத்தியது. முகாமில் நிவாரண மாவில் ரொட்டி சுட்டுச் சாப்பிட்ட நம் சனத்தில் எத்தனை பேர் வயிறு ஊதிக் கிடந்திருப்பார்கள், ஒருவரும் சோதித்திருக்க மாட்டார்கள் என்று இதைப் படித்தபோது நினைத்தேன்.

செலியாக் உறுதியானால் வாழ்நாள் முழுக்கக் கோதுமை இல்லை. சோறு, குரக்கன், ஒடியல், மரவள்ளி, பயறு, மீன் என்று வன்னிச் சாப்பாட்டில் பெரும்பகுதி உங்களுக்குத் தாராளமாக ஆகும். ஒளிந்திருக்கும் கோதுமைதான் கஷ்டம். கடைப் புட்டு, இடியப்பத்தில் அரிசிமாவோடு கோதுமை மா கலந்திருக்கலாம். வடையிலும் கட்டிப் பெருங்காயத்திலும் இருக்கலாம். ரவையும் கோதுமைதான். மோல்ட் பானங்களிலும் பார்லித் தண்ணியிலும் பார்லி இருக்கிறது. மாவை வீட்டில் இடித்து வறுப்பது நல்லது. அரிதட்டும் நீத்துப்பெட்டியும் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும்.

செலியாக் இல்லையென்று வந்தால், பைப்ரோமயால்ஜியாவுக்காகப் பாணை விடச் சொல்லமாட்டேன். ஸ்பெயினில் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், குளூட்டன் இல்லாத சாப்பாடு சாதாரண உடல் குறைப்புச் சாப்பாட்டைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. அந்த நோவுக்கு இதுவரை உறுதியான சான்றுள்ள சிகிச்சை உடற்பயிற்சிதான். பின்னேரத்தில் பத்து நிமிட நடையோடு தொடங்கிக் கிழமைக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதல் நாட்களில் நோ கூடினால் பயப்பட வேண்டாம். இரவு நித்திரைக்கு டொக்டர் சிறிய அளவில் குளிசை தந்தால் போடுங்கள். இரண்டு வருத்தமும் சேர்ந்தே இருக்கலாம், அதனால் கோதுமையை விட்ட பிறகும் நோ கொஞ்சம் மிஞ்சினால் சாப்பாட்டில் பிழை தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

அக்கா உங்களைப் பற்றிய கவலையில்தான் சொல்லியிருக்கிறா. அவவின் பரிசோதனை அறிக்கையைப் போனில் அனுப்பச் சொல்லி, கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். உங்களுக்கும் பொசிட்டிவ் என்று வந்தால், வயிற்றில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்கும் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்விக்க வேண்டும்.