மெய் தொலைந்த இடம்

கேள்வி: நாம் காணும் உலகம் மெய்யா, அல்லது மூளை கட்டிவிடும் கற்பனையா? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: 'மெய்' என்ற சொல்லைத் தவிர்த்திருந்தால் இரண்டு வரியில் தப்பித்திருப்பேன். சென்ற ஆண்டு ஒரு கட்டுரைக்கு 'மெய்ப்பொருள் காண்பது அறிவு' என்று தலைப்பிட்டு, மூன்று பேர் மெய்ப்புப் பார்த்து அனுப்பினோம். அச்சாகி வந்தபோது அது 'மெய்பொருள்' ஆகியிருந்தது. பதினைந்து ஆண்டுகளாக எங்கள் ஒற்றுப்பிழைகளை வேட்டையாடிவரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உடனே அஞ்சலட்டை எழுதினார்: "மெய் இருக்க உயிர் போவதைப் பார்த்திருக்கிறேன், மெய்யே போவதை இப்போதுதான் பார்க்கிறேன்."

எங்கள் மூவருக்கும் கண்ணில் கோளாறு இல்லை. அந்த இடத்தில் 'ப்' இருக்கவேண்டும் என்பது தெரியும். ஆகவே இருப்பதாகவே கண்டோம்.

நம்பாவிட்டால் இதைச் செய்து பாருங்கள். வெற்றுச் சுவரின் முன் நின்று, இரு கைகளையும் நீட்டி, கட்டைவிரல்களை நிமிர்த்தி அருகருகே வையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடக்கை விரலையே உற்று நோக்கியபடி, வலக்கை விரலை மெல்ல வலப்புறம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் அதன் நுனி மறைந்துவிடும். விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. பிரெஞ்சு அறிஞர் மாரியோட் 1660-களில் கண்டறிந்தது இதைத்தான். (நரம்பு விழித்திரைக்குப் பின்புறமாகவே செல்வதால் ஆக்டோபஸுக்கு இந்தக் குறை இல்லை. தமிழ் தெரிந்த ஆக்டோபஸ் இருந்தால் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கவும்.) வியப்பு என்னவென்றால், விரல் மறைந்த இடத்தில் கறுப்பாக ஓட்டை எதுவும் தெரிவதில்லை. சுற்றியுள்ள சுவரின் நிறத்தையே பூசி மூளை அதை மூடிவிடுகிறது, நாங்கள் 'ப்' போட்டுப் படித்ததைப் போல.

நம் சைவ அளவை நூல்கள் காண்டலையும் (நேரில் காண்பது) கருதலையும் (ஊகித்து அறிவது) தனித்தனி அளவைகளாக, அதாவது அறியும் வழிகளாக, வைக்கின்றன. புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது இரண்டாவது வகை. காண்டலுக்குள்ளேயே கருதல் குடியிருக்கிறது என்பதுதான் என் கட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸும், நாம் அறியாமலே நமக்குள் நடக்கும் அனுமானமே பார்வை என்றார்.

அப்படியானால் எல்லாம் கற்பனை என்று கைகழுவிவிடலாமா என்றால், முடியாது. மூடிய இடக்கண்ணைத் திறந்த கணத்தில் விரல் நுனி திரும்பி வந்துவிடுகிறது. மூளை பூசிய சுவரை நம் அனுமதி கேளாமலே அழித்துத் திருத்துகிற ஒன்று வெளியே இருந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கு அது பெரும்பாலும் அஞ்சலட்டையாக வருகிறது. இந்தப் பதிலை நான்கு பேர் மெய்ப்புப் பார்த்திருக்கிறோம். ஆசிரியர் ஐயா, காத்திருக்கிறோம்.