முதன்முறையாகத் தனியாக: வாசகர் கேள்விகளுக்கு விடுதிக் காப்பாளர் பதில்கள்

கேள்வி: அம்மா, எனக்கு வயது 22. அடுத்த மாதம் வெளியூரில் வேலைக்குச் சேர்கிறேன். தனியாக அறை எடுத்துத் தங்க வேண்டும். வீட்டில் இதுவரை எந்த வேலையும் செய்ததில்லை. கற்க வேண்டியதை எழுதிப் பார்த்தேன், பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதில் தொடங்குவது?

பதில்: தம்பி, அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். தவறு செய்தாலும் மறுநாள் சரிசெய்துகொள்ளக் கூடியவை ஒரு பக்கம். ஒரு முறை தவறினாலும் மீள முடியாதவை இன்னொரு பக்கம். விடுதியில் பல வருடங்கள் பிள்ளைகளோடு இருந்து பார்த்திருக்கிறேன். உப்பு கூடிவிடுமோ, சட்டை சுருங்கிவிடுமோ என்று அவர்கள் முதல் பக்கத்துக்குத்தான் பயப்படுவார்கள். அதெல்லாம் அங்கே போய்ச் செய்யச் செய்ய வந்துவிடும். இரண்டாம் பக்கம் சின்னது: நெருப்பு, கேஸ், மின்சாரம், மருந்து, கையெழுத்து, கடன். இந்த ஆறையும் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

நெருப்பிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் விடுதிச் சமையலறையில் ஒரு பையன் வாணலியில் எண்ணெயைக் காயவைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டான். திரும்பி வந்தால் எண்ணெய் தீப்பற்றி எரிகிறது. பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டான். நல்ல வேளையாகச் சமையல் செய்யும் அம்மா பக்கத்தில் இருந்தார். அவன் கையைத் தடுத்து, அடுப்பை அணைத்து, ஒரு பெரிய மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி வாணலியை மூடினார். தீ அடங்கிவிட்டது. அந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, உடனே அடியில் போய்விடும். அங்கே இருக்கும் சூட்டில் நொடியில் ஆவியாகும். ஆவியானால் அதன் பருமன் சுமார் 1,700 மடங்கு பெருகும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் அவன் முகத்தின் மேலேயே தெறித்திருக்கும். மூடிய பிறகும் நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது, காற்று பட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். அடுப்பை நெருங்க முடியாத அளவுக்குத் தீ பெரிதாகிவிட்டால் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். பொருளைக் காப்பாற்ற உள்ளே போக வேண்டாம்.

அப்புறம் கேஸ். சிலிண்டரில் வரும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு இலேசானது, மேலே ஏறும். எதுவாக இருந்தாலும் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடுவது மட்டுமல்ல, அணைப்பதும் ஆபத்துதான், ஒரு சின்னப் பொறி போதும். வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்த பிறகு போன் செய்யுங்கள். புது அறைக்குப் போன அன்றே கேஸ் வால்வு எங்கே, மின்சார மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீரை அடைக்கும் வால்வு எங்கே என்று மூன்றையும் கேட்டு, கையால் ஒரு முறை திருகிப் பாருங்கள். குழாய் உடைந்து அறை முழுக்கத் தண்ணீர் ஓடும் நேரத்தில் வால்வைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணையுங்கள், அதற்கு முன் அவரைத் தொடாதீர்கள்.

குளியலறை கழுவும்போது பிளீச்சையும் ஆசிட்டையும் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வெளிவரும், அது நுரையீரலைத் தாக்கும். ஒன்று போதவில்லை என்று இன்னொன்றை மேலே ஊற்றுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது.

மருந்தைப் பற்றி அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று தனித்தனிப் பெயரில் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நாளில் விழுங்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அட்டையைத் திருப்பி சின்ன எழுத்தைப் படித்தால் மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் மொத்தம் எட்டு. உடல் எடை குறைவாக இருப்பவர்களுக்கும், கல்லீரல் கோளாறு அல்லது குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் வரம்பு இன்னும் குறைவு. அதைத் தாண்டினால் கல்லீரல் கெடும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதுதான் பயங்கரம். ஆகவே வர்த்தகப் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். கை சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், கடிகாரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசையும் வேண்டாம்.

சமையலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு முழுச் சாப்பாட்டை மட்டும் கிளம்பும் முன் நான்கைந்து முறை தனியாகச் செய்து பாருங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். மறுபடி கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கிருமி செத்தாலும் சில கிருமிகள் விட்டுப்போன நச்சு அந்தச் சூட்டிலும் அழியாது.

கையெழுத்து, கடன் இரண்டுக்கும் கீழே வேறு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள், அதையும் படியுங்கள். அறைக்குச் சாமான் இறக்குவதற்கு முன் சுவர், தரை, குழாய், ஜன்னல், மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே வீட்டு உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தைத் திரும்பக் கேட்க அந்தப் படங்கள்தான் உங்களுக்குத் துணை.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஏதாவது வேலை கொடுத்தால் அரைகுறையாகச் செய்கிறான், கடைசியில் நானே மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. இவன் எப்படித் தனியாக இருப்பான்?

பதில்: மறுபடி செய்வதை முதலில் நிறுத்துங்கள் அம்மா. அவன் அரைகுறையாகத் துவைத்த சட்டையை அவனே போட்டுக்கொண்டு போகட்டும். நீங்கள் திருத்திக் கொடுக்கும்வரை அவன் கண்ணுக்கு அது அரைகுறையாகவே தெரியாது.

இன்னொன்று, 'கொஞ்சம் உதவி செய்' என்று துண்டு துண்டாக வேலை கொடுக்காதீர்கள். காய் நறுக்கிக் கொடுப்பவனுக்கு நாளைக்கு என்ன சமைப்பது, வீட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு வாங்குவது என்ற யோசனையே வராது. யோசிப்பதுதான் பாதி வேலை. வாரத்தில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டை முழுக்க அவன் பொறுப்பில் விடுங்கள்: என்ன செய்வது என்று முடிவு செய்வது, இவ்வளவுதான் பணம் என்று கொடுத்ததில் வாங்குவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது. மின்கட்டணத்தையும் அவனிடமே கொடுங்கள். கடைசித் தேதியை அவன்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நீங்கள் ஞாபகப்படுத்தக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது அவனைப் பேசவிடுங்கள். காய்ச்சலோடு வரும் பிள்ளையிடம் டாக்டர் கேட்பார், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று. 'அம்மாவுக்குத்தான் தெரியும்' என்று பதில் வரும். அம்மாவுக்கு போன் போடுவோம், சில சமயம் எடுக்க மாட்டார்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து, இரத்த வகை, போட்ட தடுப்பூசிகள், சின்ன வயதில் நடந்த அறுவைச் சிகிச்சை, குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இதய நோய் என்பதையெல்லாம் அவனையே உட்காரவைத்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

கேள்வி: என்னோடு தங்கியிருக்கும் தோழி கடன் வாங்குகிறாள். 'சும்மா பேருக்குத்தான்' என்று ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறாள். மறுத்தால் நட்பு போய்விடுமோ?

பதில்: போடாதீர்கள் மகளே. ஜாமீனில் 'பேருக்கு' என்று எதுவும் கிடையாது. அவள் கட்டாவிட்டால் அசல், வட்டி, அபராதம் எல்லாவற்றையும் உங்களிடம் கேட்கக் கடன் கொடுத்தவருக்கு உரிமை வந்துவிடும். நாளைக்கு நீங்கள் கடன் கேட்டுப் போகும்போது இதுவும் உங்கள் கணக்கில் வந்து நிற்கலாம். அந்த மொத்தத் தொகையை என் சொந்தக் கடனாக நினைத்துக் கட்டுவேன் என்று மனதாரச் சொல்ல முடிந்தால் மட்டுமே ஜாமீன் போட வேண்டும்.

மறுக்கும்போது காரணம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் அவளிடம் ஒரு சமாதானம் இருக்கும். 'நான் யாருக்கும் ஜாமீன் போடுவதில்லை' என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள், திரும்பக் கேட்டாலும் அதையே சொல்லுங்கள். முடிந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு சிறு தொகையைக் கையில் கொடுங்கள். வெற்றுத்தாளிலோ, கட்டங்கள் நிரப்பாத படிவத்திலோ மட்டும் யாருக்காகவும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: மாதம் 20ஆம் தேதிக்குள் சம்பளம் தீர்ந்துவிடுகிறது. மீதி நாட்களுக்கு கிரெடிட் கார்டு. மினிமம் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறேன், அது போதும்தானே?

பதில்: போதாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கார்டில் 1,00,000 பாக்கி, வட்டி மாதம் 3 சதவீதம் என்று வையுங்கள். மினிமம் 5 சதவீதம் என்றால் 5,000 கட்டுவீர்கள். அதில் 3,000 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது வெறும் 2,000. ஒன்றுமே கட்டாமல் விட்டால் ஒரு வருடத்தில் 1,42,576 ஆகிவிடும், தாமதக் கட்டணம் தனி. மாதம் 3 சதவீதம் என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. வருடத்துக்குப் பார்த்தால் 42 சதவீதத்துக்கும் மேல்.

பாக்கி தீரும்வரை கார்டை எடுக்காதீர்கள், கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு காசையும் அதில் கட்டுங்கள். ஒரு மாதம் மட்டும் எல்லாச் செலவையும் அன்றன்றைக்கே எழுதிப் பாருங்கள். சின்னச் சின்னதாக எங்கே போகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும், நான் சொல்லத் தேவையில்லை. சம்பளம் வந்த அன்றே வாடகையையும் கட்டணங்களையும் கட்டிவிட்டு, மீதியை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பங்கு எடுங்கள். கடன் தீர்ந்த பிறகு, கார்டுக்குக் கட்டிய அதே தொகையைச் சேமிப்பில் போடுங்கள். மூன்று மாதச் செலவு கையில் சேரும்வரை வேறு முதலீட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு எல்லா வேலையும் ஓரளவு தெரியும். ஆனால் அலுவலகங்களுக்கு போன் செய்து பேச வேண்டும் என்றால் கை நடுங்குகிறது. அதனாலேயே பல வேலைகள் தேங்கிக் கிடக்கின்றன. இது வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தை எழுதியதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனென்றால் இதை வெளியே சொல்லாமல் மூடிவைத்திருப்பவர்கள் ஏராளம். எங்கள் விடுதியில் நன்றாகப் படிக்கும் ஒரு பெண், பல்வலியை வாரக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்தாள். பணம் இருந்தது, மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது. நேரம் கேட்டு போன் செய்யத்தான் பயம்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கூப்பிடும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: நான் யார், எனக்கு என்ன வேண்டும், அவர்கள் கேட்கக்கூடிய எண்கள் என்னென்ன. முதல் வாக்கியத்தை அப்படியே பார்த்துப் படித்துவிடலாம், எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாது. புரியவில்லை என்றால் 'மறுபடி ஒரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அந்த வேலையில் இருப்பவர்கள் இதை நாள் முழுக்கக் கேட்கிறவர்கள்தான். வைப்பதற்கு முன், பேசியவரின் பெயர், புகார் எண், எந்தத் தேதிக்குள் முடியும் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கூப்பிடும்போது 'இந்தத் தேதியில் இன்னாரிடம் பேசினேன்' என்று தொடங்கலாம். அப்படித் தொடங்குபவரைத் தட்டிக்கழிப்பது அவர்களுக்கும் கஷ்டம். சிரமமில்லாத ஒரு போனில் ஆரம்பியுங்கள், எத்தனை மணிவரை திறந்திருப்பீர்கள் என்று கேட்டால்கூடப் போதும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் கூப்பிட்ட போன் வேறு, உங்களைத் தேடி வரும் போன் வேறு. வங்கியிலிருந்து என்று யாராவது கூப்பிட்டு ஓடிபியோ பாஸ்வேர்டோ கேட்டால், அவசரப்படுத்தினால், அதிகாரியின் குரலில் மிரட்டினால், மரியாதை பார்க்காமல் வைத்துவிடுங்கள். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பேசத் தயங்கும் பிள்ளைகள் போனை வைக்கவும் தயங்குகிறார்கள், அதைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

கேள்வி: துணியில் இரத்தக் கறை பட்டால் சுடுதண்ணீரில் ஊறவைக்கலாமா?

பதில்: கூடாது. சூடு பட்டால் இரத்தத்தில் இருக்கும் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, சோப்பு போட்டுக் கசக்குங்கள். கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரி போட வேண்டாம்.