பாட்டு ஒரு பெண்ணை மாற்றிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு 63 வயது. திருச்சியில் முப்பது ஆண்டுகளாக வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் ஒரே மகளுக்கு 36 வயது; அமெரிக்காவில் ஓக்லாந்து நகரில் வேலை பார்க்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவள், தான் ஒரு பெண்ணோடு வாழ்ந்து வருவதாகவும் இனி அதை மறைக்கப் போவதில்லை என்றும் சென்ற ஆண்டு தொலைபேசியில் சொன்னாள். பல மாதங்கள் பேசாமல் இருந்தேன். பிறகு மனது கேட்காமல் அவளிடம் வந்து இப்போது மூன்று மாதமாகிறது.

அவர்கள் குடியிருப்பது 76 வயதான ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வீட்டு மாடியில். கீழ்க்கூடத்தில் ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டுகள் இருக்கின்றன; எல்லாம் பெண்கள் பாடி, பெண்களே வெளியிட்டவையாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே கூடி அந்தப் பழைய பாட்டுகளைக் கேட்கிறார்கள், கூடவே பாடுகிறார்கள். என்னையும் அழைத்தார்கள். எனக்குப் புரிந்த வரையில் பாட்டில் தவறாக எதுவும் இல்லை. ஆனால் அன்று இரவு மகள், "இந்தப் பாட்டுகளைக் கேட்ட பிறகுதான் அம்மா, நான் யாரென்று எனக்குத் தெரிந்தது" என்று சொன்னாள். அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. பாட்டு கேட்டா என் பெண் இப்படி ஆனாள்? பாட்டுக்கு அவ்வளவு சக்தி உண்டென்று மற்றவர்களைவிட எனக்குத் தெரியும் என்பதால்தான் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதிலிருந்து அவளுக்கு நான்தான் குரு. வர்ணமும் கீர்த்தனையும் பிசகில்லாமல் பாடுவாள், ஆனால் யாருக்கோ ஒப்பிப்பதுபோல் ஒட்டாமல் பாடுவாள். பாரதியாரின் 'சுட்டும் விழிச்சுடர்' ஒன்றை மட்டும் பதினைந்து வயதில் மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பாள். கல்லூரிக்குப் போனதும் பாட்டையே விட்டுவிட்டாள். அப்படிப்பட்டவள் அந்தக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கண்ணீர் வழிய, வாய்விட்டுப் பாடியதைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் நான் அவர்களுக்கு ஒரு தமிழ்ப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஊரில் உறவினர் ஒருவரோ, இதைக் குணப்படுத்தும் மருத்துவர் ஒருவர் இருப்பதாகவும் மகளை எப்படியாவது அழைத்து வரும்படியும் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள அம்மாவுக்கு,

உறவினர் சொன்ன மருத்துவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990இலும் நீக்கிவிட்டன. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் பிறப்பித்த உத்தரவு, இப்படி 'மாற்றுவதாக'ச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைக்குத் தடை விதித்தது. இந்த விஷயம் தமக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரின் எதிரே தாமே அமர்ந்து கேட்டறிந்த பிறகுதான் அவர் அந்த உத்தரவை எழுதினார். நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகள் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் 'ஆனேன்' என்ற சொல் இல்லை, 'தெரிந்தது' என்றுதான் இருக்கிறது. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள, அந்தச் சுவரில் இருக்கும் இசைத்தட்டுகள் எப்படி வந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேக்சின் ஃபெல்ட்மன் என்ற பாடகி, தான் நேசிக்கும் பெண்ணின் கையைத் தெருவில் பிடித்துக்கொண்டு நடக்க முடியவில்லையே என்ற ஆற்றாமையை 1969இல் ஒரு பாட்டாக எழுதினார். அன்றைய நிலை அதுதான். இப்படிப்பட்ட பெண்கள் ஒருவரையொருவர் சந்திக்கப் பெரும்பாலும் மதுக்கூடங்களை விட்டால் வேறு இடமில்லை; அங்கும் எந்த நேரத்தில் போலீஸ் சோதனை வரும் என்று தெரியாது. 1973இல் வாஷிங்டன் நகரில் கூடிய சில இளம்பெண்களிடம், பெண்களே நடத்தும் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கலாமே என்ற யோசனையை ஒரு வானொலிப் பேட்டியின்போது சொன்னவர் க்ரிஸ் வில்லியம்சன் என்ற பாடகி. அதிலிருந்து பிறந்ததுதான் ஆலிவியா ரெக்கார்ட்ஸ். அடுத்த ஆண்டு, ஒரு பக்கம் மெக் கிறிஸ்டியனும் மறுபக்கம் க்ரிஸ் வில்லியம்சனும் பாடிய சிறிய தட்டு வெளிவந்தது. 1975இல் வந்த வில்லியம்சனின் 'த சேஞ்சர் அண்ட் த சேஞ்ச்ட்' லட்சக்கணக்கில் விற்றது. நிறுவனம் பிறகு லாஸ் ஏஞ்சலிஸுக்கும், அங்கிருந்து நீங்கள் இப்போது இருக்கும் ஓக்லாந்துக்கும் இடம் மாறியது. அந்தச் சுவரில் அந்தத் தட்டு இல்லாமல் இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் பாட்டு மட்டும் அந்தச் சமூகத்தைக் கட்டிவிடவில்லை என்பது என் எண்ணம். பெரிய நிறுவனங்களின் விற்பனை வலையில் இந்தத் தட்டுகளுக்கு இடமில்லாததால், விற்பனையில் எந்த அனுபவமும் இல்லாத பெண்கள் அவற்றைத் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பெண்கள் புத்தகக் கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒலிப்பதிவையும் மேடை விளக்கையும் பெண்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கற்றார்கள். கச்சேரிக்கு வரும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பு இருந்தது. கையில் இருப்பதற்கேற்ப டிக்கெட் வாங்க முடிந்தது. உலகத்தில் தான் ஒருத்தி மட்டுமே இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஒரு தேவாலயக் கூடத்திலோ கல்லூரி அரங்கிலோ நுழைந்து, தன்னைப் போன்ற நூற்றுக்கணக்கான பெண்களுக்கு நடுவில் உட்காருகிறாள். அவளுக்குப் பாட்டைவிட இடைவேளைதான் பெரிதாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

'பெண்கள் இசை' என்று அவர்கள் வைத்த பெயரிலும் ஒரு சாதுரியம் இருந்தது. பெற்றோர் கண்ணில் பட்டாலும் சந்தேகம் எழாது. தேவைப்பட்டவளுக்கோ அந்த இரண்டு சொற்களே போதும். அதே சமயம் ஒளிவுமறைவே வைக்காதவர்களும் இருந்தார்கள். ஆலிக்ஸ் டாப்கின் 1973இல் வெளியிட்ட தட்டில் பெண், பெண்ணைப் பார்த்தே பாடினாள். நீங்கள் சங்கீதம் அறிந்தவர். நாயகி தலைவனை நினைத்து உருகும் பதங்களையும், கண்ணனை அழைக்கும் பாட்டுகளையும் நினைத்துப் பாருங்கள். நாம் கற்ற காதல் பாட்டுகளில் பெண் குரல் எப்போதும் ஓர் ஆணை நோக்கியே போகிறது. பெண்ணை நேசிக்கும் பெண் அவற்றைப் பாடும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு மொழிபெயர்ப்பைச் செய்துகொண்டே பாட வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் ஒட்டாமல் பாடியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

தாய் என்ற முறையில் உங்களுக்கு ஒரு தகவல். புளோரிடா ஆரஞ்சுச் சாற்றின் விளம்பரங்களில் தோன்றிய அனிதா பிரையன்ட் என்ற பாடகி 1977இல் தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்தபோது, ஆலிவியா அந்தச் சாற்றையே கேலி செய்யும் பெயரில் ஒரு தொகுப்புத் தட்டை வெளியிட்டது. அதன் வருமானத்தில் ஒரு பகுதி, லெஸ்பியன் என்ற காரணத்துக்காக நீதிமன்றத்தில் தங்கள் பிள்ளைகளை இழக்கவிருந்த தாய்மார்களின் வழக்குச் செலவுக்குப் போனது.

இவர்களை நான் புனிதர்களாக்கவில்லை. ஆலிவியாவின் ஒலிப்பதிவுப் பொறியாளர் சாண்டி ஸ்டோன் ஒரு திருநங்கை என்பதற்காக, அவரை வெளியேற்றச் சொல்லி மிரட்டல்கள் வந்தன. நிறுவனம் அவர் பக்கம் நின்றும் கடைசியில் அவர் விலகினார். 1976 முதல் 2015 வரை மிச்சிகன் காட்டில் ஆண்டுதோறும் நடந்த பெரும் இசைவிழாவிலும் இதே பிணக்கு பல ஆண்டுகள் நீடித்தது. கதவடைப்பின் வலி தெரிந்தவர்களே வேறொருத்திக்குக் கதவை அடைத்தார்கள். வீட்டுக்காரப் பெண்மணியிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். அவருக்கு நிச்சயம் ஓர் அபிப்பிராயம் இருக்கும்.

இப்போது உங்கள் கடிதத்தின் மூன்றாவது பத்திக்கு வருகிறேன். 'இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்' என்று நீங்கள் தொடங்கிய இடத்தில்தான் உங்கள் வலி முழுதும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பாட்டு மகளை மாற்றிவிட்டதா என்ற கேள்விக்குப் பின்னால், நான் கொடுத்த பாட்டில் கிடைக்காதது யாரோ கொடுத்த பாட்டில் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்ற ஏக்கம் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கிடைக்கவில்லை என்று நீங்கள் நினைப்பது சரிதானா? 'சுட்டும் விழிச்சுடர்' கண்ணம்மாவை, அதாவது ஒரு பெண்ணை, பார்த்து வியக்கும் காதல் பாட்டு. பாரதியார் அதை ஆண் குரலில் எழுதினார். ஆனாலும் பெண்கள் மேடையில் பாடும்போது யாரும் புருவம் உயர்த்துவதில்லை. பதினைந்து வயதுப் பெண் மொட்டைமாடியில் அதைத் திரும்பத் திரும்பப் பாடியபோது, மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒரு பாட்டு அவளுக்கு உங்கள் வீட்டிலேயே கிடைத்திருந்தது. அப்போது அவளுக்குக் கிடைக்காதது, உடன் உட்கார்ந்து பாட ஒரு கூடம் மட்டுமே. இது என் ஊகம். சரியா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். ஏன் அந்தப் பாட்டு என்று கேளுங்கள். பதில் வர நேரமானால் பொறுத்திருங்கள்.

அடுத்த மாத அழைப்புக்கு 'சரி' என்று சொல்லுங்கள் என்பதே என் யோசனை. சம்மதம், ஆசீர்வாதம் என்றெல்லாம் இப்போதே அதற்குப் பொருள் கொடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையை இன்னொரு கூடத்தில் செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான். எந்தப் பாட்டு என்பதை மகளிடமே விட்டுவிடுங்கள். தமிழ் அறியாதவர்களுக்கு ழகரம் சுலபத்தில் வராது. ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொடுத்து, மகளை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துக் கூடப் பாடச் சொல்லுங்கள். எழுபதைத் தாண்டிய குரல்கள் கீழே இறங்கியிருக்கும் என்பதால், உங்கள் வழக்கமான ஐந்து கட்டைச் சுருதியில் மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.