வேலை நிமித்தம் வெளியூரில் இருக்கும்போது வீட்டில் திடீர் அவசரம் ஏற்பட்டால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் வசிக்கிறேன். குறைகடத்தித் தொழிற்சாலைகளின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணி என்பதால் தைவான், பிலிப்பைன்ஸ், சில வேளைகளில் ஜெர்மனி வரை போக வேண்டியிருக்கும். வீட்டில் மனைவி, பள்ளி செல்லும் பிள்ளைகள், எழுபதைக் கடந்த அம்மா ஆகியோர் இருக்கிறார்கள். தொலைவில் இருந்தபடி எப்படிச் சமாளிப்பது என்பதே உங்கள் கேள்வி. என் அனுபவத்தில், அந்த நேரத்தில் சமாளிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே. வெளியூர் செல்பவர் தம் பங்கைப் புறப்படுவதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும். அவரைக் கேட்காமலே முடிவெடுக்கும் உரிமையையும், அதற்கு வேண்டிய பணம், சாவி, விவரம் ஆகியவற்றையும் வீட்டில் உள்ளவர்களிடம் ஒப்படைப்பதுதான் அந்தப் பங்கு.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் என் வேலையின் தன்மை. கிளீன்ரூம் எனப்படும் தூசு புகாத கூடத்துக்குள் பல இடங்களில் கைத்தொலைபேசியைக் கொண்டு செல்ல அனுமதி இல்லை. உள்ளே போனால் வெளிவரப் பல மணி நேரம் ஆகும். அப்படி ஒரு நாள் நான் தைவானில் உள்ளே இருந்தபோது அம்மாவுக்குப் பேச்சு குழறி, வலது கை தளர்ந்துவிட்டது. என் மனைவி எனக்காகக் காத்திருக்கவில்லை. உடனே அவசர எண்ணான 999ஐ அழைத்து, அம்மா கடைசியாக எத்தனை மணிக்கு இயல்பாகப் பேசினார் என்பதையும் குறித்துக்கொண்டார். நான் வெளியே வந்து பார்த்தபோது, "என்னங்க, அத்தைய ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. நேரத்தச் சொல்லிட்டேன், மருந்துச் சீட்டும் குடுத்துட்டேன்" என்ற குரல் பதிவு வந்திருந்தது. இரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்துவதே பொதுவான மருத்துவ நடைமுறை. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் மருத்துவர் தயங்குவார். நோயாளி வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை உட்கொள்பவரா என்பதும் அவருக்கு அந்தக் கணத்திலேயே தெரிய வேண்டும். கணவனின் அனுமதிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்திருந்தால் அந்த ஒரு மணி நேரமும் சிகிச்சைக்கான அவகாசத்திலிருந்து போயிருக்கும். அம்மா இன்று தாமே நடந்து கோவிலுக்குப் போய் வருகிறார் என்றால் அதற்கு என் மனைவியின் அந்த முடிவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் எப்போதும் ஒட்டியிருக்கும். அம்மாவின் அடையாள அட்டை எண், நோய்கள், மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனையின் பதிவு எண் ஆகியவை அதில் உள்ளன. மருத்துவக் காப்புறுதி அட்டையின் படமும் காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணும் மனைவியின் தொலைபேசியில் இருக்கின்றன. தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் செலவை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம் வரும்வரை முன்பணம் கேட்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 999 என்ற எண்ணை வெளிநாட்டிலிருந்து அழைத்து மலேசியாவின் அவசரச் சேவையைப் பெற முடியாது. வீட்டில் அம்மா மட்டும் இருந்து உங்களை அழைக்கிறார் என்றால், அவருக்காக 999ஐ அழைக்கப் பினாங்கிலேயே ஒருவர் இருந்தாக வேண்டும்.

அந்த ஒருவர் எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி. வீட்டுச் சாவியும் வெளிக்கதவுச் சாவியும் அவரிடம் உண்டு. உறவினர்கள் கடலுக்கு அப்பால், பெருநிலத்தில், பட்டர்வொர்த்திலும் சுங்கைப் பட்டாணியிலும் இருக்கிறார்கள். மாலை நெரிசலில் பாலத்தைக் கடந்து அவர்கள் வந்து சேர்வதற்குள் எதுவும் நடந்துவிடலாம். சாவியைக் கொடுக்க இரத்த உறவைவிட நடைத்தொலைவுதான் முக்கியம் என்பது என் கருத்து.

பணத்தில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. இப்போது வங்கிப் பரிமாற்றங்களுக்கான ஒப்புதல் பெரும்பாலும் ஒரே கைத்தொலைபேசியின் செயலியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் அந்தத் தொலைபேசி தொலைந்தாலோ இணையம் கிடைக்காமல் போனாலோ, உங்கள் கணக்கில் எத்தனை ஆயிரம் ரிங்கிட் இருந்தும் வீட்டுக்கு ஒரு காசு அனுப்ப முடியாது. புதிய தொலைபேசியில் பதிவு செய்தாலும் பல மணி நேரம் காத்திருக்கும்படி ஆகலாம். எனவே அவசரத் தொகையை மனைவியின் பெயரில் உள்ள கணக்கிலேயே வைத்திருக்கிறோம். எதற்காக எடுத்தேன் என்று அவர் எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இல்லாதபோது அடிக்கடி நேர்வது இதுதான். பினாங்குக்கான நீரின் பெரும்பகுதி சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருகிறது. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை அங்கே வால்வுகளை மாற்றியபோது மாநிலத்தின் பல பகுதிகளில் நீர் தடைப்பட்டது. பெரும்பாலான வரிசை வீடுகளில் சமையலறைக் குழாய் மட்டும் கூரைத் தொட்டியிலிருந்து இல்லாமல் நேரடிக் குழாயிலிருந்து வருவதால், தடையின்போது முதலில் வறள்வது அதுதான். தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டு மூடாமல் வெளியே போய்விட்டால், நள்ளிரவில் நீர் திரும்பும்போது சமையலறை குளமாகிவிடும். குழாய் உடைந்தால் மீட்டர் அருகிலுள்ள வால்வை மூட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அது புதிய நீர் உள்ளே வருவதை மட்டுமே நிறுத்தும்; குளியலறைக் குழாய் உடைந்திருந்தால் கூரைக்குக் கீழே உள்ள தொட்டி காலியாகும்வரை நீர் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். தொட்டியின் வெளியேறு வால்வு கூரைக்குள் இருந்ததால், ஏணி இல்லாமல் எட்டும் உயரத்தில் இன்னொரு வால்வைப் பொருத்தச் செய்தோம். வெளியூர் செல்லும் எவருக்கும் நான் முதலில் பரிந்துரைக்கும் செலவு இதுதான். அடுக்குமாடியில் வசிப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிந்தால், 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, பழுது மேல்வீட்டில் இருப்பதாகவே முதலில் கருதப்படும். புகார் கிடைத்த 7 நாட்களுக்குள் நிர்வாகம் ஆய்வு செய்ய வேண்டும் என்பதால், உங்கள் கதவைத் திறந்துவிட யாரேனும் உள்ளூரில் இருக்க வேண்டும்.

மின்சாரத்தில், இடி மின்னலுக்குப் பிறகு ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுவதுதான் வழக்கமான சம்பவம். முதலில் அண்டை வீடுகளில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவில்லை என்றால் மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழைக்க வேண்டும். எரிந்தால் கோளாறு நம் வீட்டுக்குள்தான். சிறிய சுவிட்சுகள் அனைத்தையும் கீழே இறக்கி, ஆர்சிசிபியை மேலே ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினால், எதை ஏற்றும்போது மறுபடி விழுகிறதோ அந்த இணைப்பில்தான் பழுது. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்தலாம். என் மூத்த மகள் இதை நான் இருக்கும்போதே செய்து பழகியிருக்கிறாள். கருகிய வாடை வந்தாலோ, பெட்டி நனைந்திருந்தாலோ, எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுந்தாலோ எதையும் தொடாமல் பதிவு பெற்ற வயர்மேனை அழைக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மாவின் திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டியது. ஆகையால் மின்தடை நீண்டால் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

எரிவாயு வாடை வந்தால் தோம்பின் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, எந்த மின்சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே போய் அங்கிருந்து அழைக்க வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் 999தான்; தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடிக்கும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு கண்ட வெள்ளத்துக்குப் பிறகு, எங்கள் ஆவணங்கள் எல்லாம் மேல்மாடியில், நீர் புகாத பையில்தான் இருக்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகு, தொலைவில் இருப்பவருக்கு எஞ்சும் வேலை சிறியது, ஆனால் தேவையானது. காப்புறுதி நிறுவனத்தோடும் உறவினர்களோடும் பேசும் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், வீட்டில் உள்ளவரின் தொலைபேசி ஓய்வாக இருக்கும். இரவில் தொலைபேசியை அமைதி நிலையில் வைத்தாலும் மனைவியின் எண்ணும் அண்டை வீட்டார் எண்ணும் மட்டும் ஒலிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் நான் உறங்கும்போது பினாங்கில் காலை வேலைகள் நடந்துகொண்டிருக்கும். நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் வரவேற்பு மேசை எண்ணையும், உள்ளே இருப்பவரை வெளியே அழைக்கக்கூடிய மேற்பார்வையாளரின் எண்ணையும் புறப்படும் முன்பே வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

கடைசியாக, வேலையிடத்தோடு பேச வேண்டியதும் உண்டு. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் குடும்ப அவசரத்துக்கென்று தனி விடுப்பை உறுதி செய்யவில்லை. அது உங்கள் ஒப்பந்தத்தையும் மேலாளரையும் பொறுத்தது. பாதியில் திரும்ப நேர்ந்தால் பயணச்சீட்டை மாற்றும் செலவு யாருடையது, உங்கள் இடத்துக்கு யார் வருவார், எந்த நிலையில் ஒப்புதலுக்குக் காத்திராமலே நீங்கள் கிளம்பலாம் என்பவற்றை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.