மாணவர் மேடையும் நம் ஊரும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பேத்தி பிறந்ததையொட்டி, என் மகள் வசிக்கும் கார்டிஃப் நகரில் சென்ற ஆண்டு ஐந்து மாதங்கள் தங்கியிருந்தேன். அங்குள்ள ராயல் வெல்ஷ் இசை நாடகக் கல்லூரியின் மாணவர்கள் பருவந்தோறும் பொதுமக்களுக்காக நாடகங்களும் கச்சேரிகளும் நடத்துகிறார்கள். நிகழ்ச்சி நிரல் அச்சிட்டு, நுழைவுச்சீட்டும் விற்கிறார்கள். ஒரே நாடகத்தை ஒரே வாரத்தில் இரண்டு முறை பார்த்தேன். முதல் நாள் ஒரு பெண் வசனத்தின் நடுவே திணறி நின்றாள். நான்காம் நாள் அதே இடத்தில் அவளாகவே சற்று நிறுத்தினாள். அரங்கம் மூச்சடக்கிக் காத்திருந்தது. ஊர் திரும்பிய பின்னும் அந்தப் பெண்ணை மறக்க முடியவில்லை.

நம் ஊரிலும் இசை பயிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டு விழாவைத் தவிர அவர்களை நாம் எங்கே பார்க்கிறோம்? இதைச் சொன்னபோது என் தோழி, 'அரைகுறையாகக் கற்றவர்களை மேடையேற்றிக் காசு வாங்குவது கலைக்குச் செய்யும் அவமரியாதை' என்றார். அவர் சொல்வது சரியா? என்னைப் போன்ற நான்கைந்து ஓய்வுபெற்றவர்கள் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள அம்மையாருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் படித்தது அந்தப் பெண்ணைப் பற்றிய வரிகளைத்தான். முதல் நாள் திணறலாக இருந்தது நான்காம் நாள் மௌனமாக மாறியதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அந்த மூன்று நாட்களில் அவளுக்கு எந்த ஆசிரியரும் புதிதாக ஒரு பாடம் நடத்தியிருக்கப் போவதில்லை. அவளுக்குக் கற்பித்தவர்கள் நீங்களும் உங்களோடு அமர்ந்திருந்தவர்களும்தான். பார்வையாளர் எங்கே மூச்சடக்குகிறார்கள், எங்கே கவனம் சிதறி இருமுகிறார்கள் என்பதை ஒத்திகைக் கூடத்தில் எவ்வளவு திறமையான ஆசிரியராலும் காட்டிக்கொடுக்க முடியாது.

அந்தக் கல்லூரி 1949-இல் கார்டிஃப் கோட்டைக்குள் ஓர் இசைக் கல்லூரியாகத் தொடங்கியது. 2011-இல் கச்சேரிகளுக்கென ஓர் அரங்கையும், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாக வேல்ஸில் பிறந்து உலகப் புகழ் பெற்ற நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனின் பெயரால் ஒரு நாடக அரங்கையும் தனக்கென்றே கட்டிக்கொண்டது. படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பறைகள் போதாதா, இத்தனை செலவில் அரங்குகள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அத்தகைய கல்லூரிகளில் பொதுமக்கள் முன் நடிப்பதும் வாசிப்பதும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. நடிப்பவர்கள் மட்டுமல்லாமல், ஒளியமைப்பும் உடையமைப்பும் மேடை நிர்வாகமும் பயிலும் மாணவர்களும் அதே நாடகத்தில்தான் தங்கள் பாடத்தைச் செய்து பார்க்கிறார்கள். ஒரு நாடகம் ஒரே இரவோடு முடியாமல் பல இரவுகள் நடப்பதுதான் இதன் உயிர். நேற்று பிழைத்ததை இன்று திருத்த முடியும். அதைவிட அரிதாக, நேற்று நன்றாக வந்தது இன்று ஏன் வரவில்லை என்றும் யோசிக்க முடியும்.

இதை அயல்நாட்டுப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் நம்மிடம் கலை கற்கும் முறை ஒரு காலத்தில் முழுக்க முழுக்க இப்படித்தான் இருந்தது. நாகசுர மேளத்தை நினைத்துப் பாருங்கள். குருவிடம் சேர்ந்த பையன் முதலில் ஒத்து என்னும் சுருதிக் குழலை ஊதினான். அல்லது தாளம் போட்டான். ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டு, புறப்பாட்டிலும் கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் இரவெல்லாம் குருவின் பக்கத்தில் நின்றான். ஆண்டுகள் கடந்து, குருவுடன் சேர்ந்து வாசிக்கும் இரண்டாம் நாயனமாக ஒரு கீர்த்தனையில் சேர்ந்துகொள்ள அனுமதி கிடைக்கும். அதன்பின் ஒருநாள், விடியும் நேரத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருக்கையில், குரு திரும்பிப் பார்த்து ராகத்தை அவனிடம் விடுவார். அதற்குள் அவன் ஆயிரக்கணக்கான முகங்களுக்கு முன்னால் நின்றிருப்பான். பிரம்மோற்சவத்தின் பத்து நாட்களும் அவனுக்குப் பருவத் தேர்வுதான். இன்று சுருதிப் பெட்டி வந்து ஒத்தின் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அதில் வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒத்து ஊதுபவர் நின்ற இடம் மேளத்திலிருந்து போனபோது, கற்பவன் நின்ற இடமும் சேர்ந்தே போனது என்பதை நாம் கவனிக்கவில்லை.

நாடகத்தில் இன்னும் வெளிப்படையாக இதைக் காணலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஜலகண்டாபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் இரவுக் கூத்து பார்த்தேன். பதினான்கு வயதிருக்கும், ஒரு பையன் அன்றுதான் முதன்முதலாகப் பெரிய வேஷம் கட்டியிருந்தான். இரண்டு பேர் பிடித்திருந்த திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடத் தொடங்கியவனுக்கு மேல் ஸ்தாயியில் குரல் உடைந்துவிட்டது. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் நடுங்குவது தெரிந்தது. ஹார்மோனியக்காரர் தலையைத் திருப்பாமலே அந்த ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடி அவன் மூச்சு வாங்க இடம் கொடுத்தார்கள். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, 'மறுக்கா பாடு சாமி, நாங்க இங்கதானே இருக்கோம்' என்றார். அவன் மறுபடி பாடினான். இம்முறை குரல் ஏறியது. திரை விலகி அவன் அடவு போட்டுச் சுற்றி வந்தபோது, தோளில் கட்டிய புஜக்கட்டைகளின் கண்ணாடிச் சில்லுகளில் விளக்கொளி சிதறியதை இன்றும் என்னால் காண முடிகிறது. ஜமா எனப்படும் ஒரு கூத்துக் குழுவும் ஓர் ஊரும் சேர்ந்து ஒரு கலைஞனை உருவாக்குவதை அவ்வளவு அருகில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சிறுவர்களே நடித்த பாலர் நாடக சபைகளையும் இங்கே சொல்ல வேண்டும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் பின்னாளில் புகழ்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றார்கள். இத்தகைய சபைகள் ஓர் ஊரில் மாதக்கணக்கில் முகாமிட்டு நாடகங்கள் நடத்தின. பாட்டும் நடிப்பும் அங்கே ஒரே படிப்பாக இருந்தன. பாட வராதவனுக்கு மேடையில் இடமில்லை. நம் ஏற்காடு சாலையில் இன்று முகப்பு வளைவு மட்டும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனம் இயங்கிய நாட்களில், தமிழ்த் திரையில் பேசியவர்களில் பலர் இத்தகைய மேடைகளில் வளர்ந்தவர்கள்தான். அந்தச் சிறுவர்கள் பட்ட துன்பத்தை நான் மறைக்க விரும்பவில்லை. வீட்டைப் பிரிந்து, பள்ளிப் படிப்பை இழந்து, அடியும் வாங்கினார்கள். அதை யாரும் திரும்பக் கொண்டுவரக் கூடாது. அடிக்குப் பயப்படாமல், படிப்பையும் உறக்கத்தையும் இழக்காமல், அதே மேடைப் பழக்கத்தைத் தருவதற்கு ஒரு கல்லூரியால் முடியும். கார்டிஃபில் நீங்கள் கண்டது அதைத்தான்.

நம்மிடம் கல்வி நிலையங்கள் இல்லாமல் இல்லை. அரசு நடத்தும் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுவரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கிறார்கள். சேலத்திலும் அத்தகைய பள்ளி இருக்கிறது. குருவின் வீட்டில் பிறவாத, சாதியாலும் வறுமையாலும் கலைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளிகள் கதவைத் திறந்தன. இதைவிடப் பெரிய நன்மையை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. ஆனால் கலையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தபோது ஊரை வெளியே விட்டுவிட்டோம். இயல், இசை, நாடகம் என்று ஒரே மூச்சில் சொல்லும் நாம் இசைக்கு ஓரிடமும் நாடகத்துக்கு வேறோரிடமும் கட்டி, இரண்டையும் மக்களிடமிருந்து தள்ளி வைத்திருக்கிறோம்.

ஆண்டு விழாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பகுதிக் கல்வி நிலையம் ஒன்றின் விழாவுக்கு ஒருமுறை என்னையும் அழைத்திருந்தார்கள். மாலை மூன்று மணிக்கே அலங்காரம் முடித்து, தலையில் பூ வாடிக்கொண்டிருக்க, நாட்டியப் பெண்கள் மேடையின் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னாடைகளும் வாழ்த்துரைகளும் முடிய இரவு எட்டரை ஆகிவிட்டது. ஓராண்டாகப் பயின்ற வர்ணம் என்ற நீண்ட உருப்படியை முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி ஒருவர் வந்து காதில் சொன்னார். அந்தப் பெண் தலையசைத்துவிட்டு, மடியில் கையை வைத்து, வெட்டப்பட்ட பகுதியின் ஜதிகளை விரல்களால் எண்ணிக்கொண்டிருந்தாள். பேசியவர்களில் நானும் ஒருவன் என்பதால் அந்த விரல்களை என்னால் மறக்க முடியவில்லை. அதன்பின் அத்தகைய விழாக்களில் பேச நான் ஒப்புக்கொள்வதில்லை. பெற்றோர்கள் தங்கள் பிள்ளையின் பங்கு முடிந்ததும் எழுந்து சென்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தார்கள். பயிலும் கலைஞருக்குத் தேவைப்படுவது அவரை யாரென்றே அறியாத, அவர் கலைக்காக மட்டும் வந்து அமர்கிற ஐம்பது பேர்.

இனி உங்கள் தோழியின் மறுப்புக்கு வருகிறேன். அவர் கவலையில் பாதி நியாயம். இரண்டு மூன்று ஆண்டுகள்கூட முழுதாகப் பயிலாத குழந்தைக்கு லட்சங்களைச் செலவழித்து அரங்கேற்றம் செய்து, அதன்பின் சலங்கையைப் பெட்டியில் வைத்துவிடும் வழக்கம் நம்மிடம் பெருகியிருக்கிறது. அதை அவமரியாதை என்று சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஒரே இரவில் மொத்தச் சுமையையும் ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றுவதும், பல வாரங்களுக்கு அளவறிந்து பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதும் ஒன்றாகிவிடாது. பழைய மேளத்தில் ஒத்து, தாளம், இரண்டாம் நாயனம் என்று படிகள் இருந்தனவே, அதேபோல முதலாண்டு மாணவி தம்புரா மீட்டட்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு கீர்த்தனை பாடட்டும். மூன்றாம் ஆண்டில் ராகமும், பாட்டின் ஒரு வரியைக் கற்பனையால் விரிக்கும் நிரவலும் அவள் பொறுப்பில் இருக்கட்டும். யார் எந்தப் படியில் நிற்பது என்று முடிவு செய்வது ஆசிரியரின் கடமை. அந்த முடிவில் பெற்றோரின் செல்வாக்கு நுழைந்தால் உங்கள் தோழி அஞ்சியது நடந்துவிடும்.

காசு வாங்கலாம் என்பதே என் எண்ணம். இருபது ரூபாய் போதும். சென்னையில் மார்கழி சீசனில் இளையவர்களின் பகல் கச்சேரிகளைப் பல சபாக்கள் இலவசமாகவே நடத்துகின்றன. அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் நம் ஊரில், சீட்டு வாங்கி வந்தவர் பாதியில் எழுந்துபோகத் தயங்குவார். பாடுகிற பிள்ளையும் தன்னை நம்பி ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார் என்று உணரும்.

மேடையில் மட்டுமே கற்கக்கூடியது எது என்று உங்கள் தோழி கேட்டால் இதைச் சொல்லுங்கள். சேலத்துக் கோயில் மண்டபம் ஒன்றில் ஒரு மாணவர் நாகசுரத்தில் கரகரப்பிரியா ராகம் வாசித்துக்கொண்டிருந்தார். மேல் சட்ஜத்தில் நிற்கப் போகும் தறுவாயில், வாயில் வைத்து ஊதும் சீவாளி பிளந்து, நாதம் கிழிந்த துணிபோல ஆகிவிட்டது. வகுப்பில் என்றால் வாத்தியத்தைக் கீழே வைத்திருப்பார். அவர் ஒரு கணம் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் கண்களை மூடியிருந்தார். வாத்தியத்தில் கட்டித் தொங்கிய கொத்திலிருந்து வேறொரு சீவாளியை எடுத்து, உதட்டில் வைத்து ஈரமாக்கி, பொருத்தி, ஊதிப் பார்த்துத் தொடங்குவதற்குள், தவில் மாணவர் யாரும் சொல்லாமலே மெல்ல வாசித்து அந்த இடைவெளியை நிரப்பினார். பழைய இடத்துக்குத் தாவாமல் கீழ் ரிஷபத்திலிருந்து நிதானமாக ஏறி அதே சட்ஜத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது, மண்டபத்திலிருந்த இருபது முப்பது பேரும் ஒருசேர 'ஆஹா' என்றார்கள். முதல் முறையே சட்ஜம் அமைந்திருந்தால் அந்த 'ஆஹா' வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தீர்கள். பெரிய அரங்கும் மேடை அலங்காரமும் வேண்டாம். கல்யாண மண்டபங்களில் எதிரொலி மிகுதி. ஒலிபெருக்கி வைத்தால் பிள்ளைகள் தங்கள் குரலையே கேட்க முடியாமல் போகும். நூறு பேர் அமரக்கூடிய ஒரு பள்ளிக்கூட அறை போதும், ஒலிபெருக்கி இல்லாமல். ஏற்காட்டில் மே மாதக் கோடை விழாவின் கூட்டத்துக்கு நடுவே பிள்ளைகள் ஆடுவதையும் பார்த்திருக்கிறேன். அந்தத் துணிச்சல் நல்லதுதான், ஆனால் நடந்துகொண்டே பார்க்கும் கூட்டம் கற்றுக்கொடுப்பது குறைவு. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் சேலம் மூழ்கியிருக்கும். அது முடிந்து ஆவணி, புரட்டாசி இரண்டு மாதங்களின் சனிக்கிழமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இசை பயிலும் பிள்ளைகளின் ஆசிரியர்களை நேரில் சென்று கேளுங்கள். இசைப் பிள்ளைகளின் ஒவ்வொரு நிகழ்ச்சியும் குறைந்தது இரண்டு சனிக்கிழமைகள் நடக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு சனிக்கிழமையை ஜலகண்டாபுரம் பக்கத்துக் கூத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, இசைப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தலைமை, முன்னிலை, சிறப்புரை எதுவும் வேண்டாம்.

எட்டு சனிக்கிழமைக்கும் எனக்கு ஒரு சீட்டு எடுத்து வையுங்கள். பணத்தை முன்னதாகவே அனுப்பிவிடுகிறேன். மாலை ஐந்தரைக்குத் தொடங்கினீர்கள் என்றால், கடைசி உருப்படி வரை இருந்துவிட்டு ஏற்காட்டுக்குப் பேருந்து பிடிக்க எனக்கு நேரம் இருக்கும்.